அடுப்பு தரையிலா, மேடையிலா?

ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். ஒன்றரை வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா ஓடிவந்தார். பின்னாலேயே அப்பா, பாட்டி, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர். அப்பாவுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. மிச்சமான தின்னரைப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கதவு மூலையில் வைத்திருக்கிறார். பையன் ஒரு மடக்கு குடித்துவிட்டான்.

எங்கள் குழந்தைகள் வார்டில் டூட்டியில் இருந்தது முதலாம் ஆண்டு பி.ஜி. (மேற்படிப்பு) மாணவி. கெட்டிக்காரப் பெண். மூச்சை எண்ணினாள், ஆக்சிஜன் அளவைப் பார்த்தாள், வாய்வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னாள், எக்ஸ்ரேக்கு எழுதினாள். ஒன்றிலும் குறையில்லை. எழுதிக்கொண்டே, நிமிராமல், அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "ஏம்மா, புள்ளையப் பாத்துக்கறத விட ஒனக்கு வேற என்ன வேலை?"

அதற்கப்புறம் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை.

காலை ரவுண்ட்ஸில் பையனுக்கு மூச்சு இரைத்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்திருந்தது. பாட்டிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, தொண்டையில் விரல் விட்டு, இரண்டு தடவை வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். தின்னர், மண்ணெண்ணெய் மாதிரியான சரக்கு வயிற்றுக்குள் செய்யும் கெடுதலைவிட, மூச்சுக்குழலுக்குள் நாலு சொட்டு இறங்கினால் செய்யும் கெடுதல் பெரிது. வாந்தி எடுக்க வைப்பது அதற்கு வழி வெட்டிக் கொடுப்பது மாதிரி.

"ராத்திரியே சொல்லியிருக்கலாமே பாட்டி?"

"அந்தப் பொண்ணு அப்படிக் கேட்டதும் இவளுக்கு வெலவெலத்துப் போச்சு சார். இதையும் சொன்னா இன்னும் ஏசுமேன்னு..."

பையன் ஆறாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனான். மாணவியை நான் திட்டவில்லை. திட்டும் தகுதி எனக்கு இல்லை. நானும் பி.ஜி.யாக இருந்த காலத்தில் இதே கேள்வியை, இதைவிட மோசமான குரலில், சாம்பார் கொட்டி வெந்துபோன ஒரு குழந்தையின் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். கட்டு மாற்ற மறுநாள் வரச்சொன்னோம், அவர் வரவில்லை. எங்கே போனார், குழந்தைக்கு என்ன ஆயிற்று, எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை இன்னும் நினைவில் இருக்கிறது.

எங்கள் படிப்பில் மண்ணெண்ணெய் உண்டு. தேர்வில் கேட்பார்கள். அறிகுறிகள் என்ன, எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும், ஏன் வயிற்றைக் கழுவக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்குவோம். அது எந்த பாட்டிலில் இருந்தது என்று ஒரு தேர்வாளரும் என்னைக் கேட்டதில்லை. சிலபஸில் மண்ணெண்ணெய் இருக்கிறது, பாட்டில் இல்லை. 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து நோயாளியோடு பேசுவது எப்படி என்பதையும் பாடமாக வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பிள்ளைகள் அதை இங்கிலீஷில் படித்து, இங்கிலீஷில் நடித்துக் காட்டிவிட்டு, வார்டுக்கு வந்ததும் "ஏம்மா, அறிவில்லையா" என்று தமிழில் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆகவே எங்கள் துறையில், கடந்த சில வருஷமாக, ஹவுஸ் சர்ஜன்களுக்கும் (பயிற்சி டாக்டர்கள்) பி.ஜி.க்களுக்கும் இதை நானே சொல்லிக்கொடுக்க முயல்கிறேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்பதைவிட அவர்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டு வருகிறேன் என்பதுதான் சரி.

முதல் சிக்கல், விபத்து என்ற சொல்லிலேயே இருக்கிறது. விபத்து என்றால் நம்மையும் மீறி நடந்தது. நேரம் சரியில்லை, கண் பட்டுவிட்டது, விதி. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-இல் 'ஆக்ஸிடென்ட்' என்ற சொல்லை இனித் தங்கள் பக்கங்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. காயம் என்று சொல், தடுக்கக்கூடியது என்று நினை என்பதுதான் அதன் சாரம். நான் வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஆனால் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் போய் 'விதி என்று ஒன்றும் கிடையாது' என்று வாதம் செய்தால் என்ன ஆகும்? பாட்டி ஜெயிப்பார்.

இதை எனக்குப் புரியவைத்தவன் ஒரு ஹவுஸ் சர்ஜன். பத்து மாதக் குழந்தை, சளிக்காக வந்திருந்தது. பேச்சோடு பேச்சாக அதன் பாட்டி, "ஜாதகத்துல இவனுக்குத் தண்ணியில கண்டம்னு போட்டிருக்கு தம்பி" என்றார். நானாக இருந்தால் புன்னகைத்துவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டிருப்பேன். இவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"அப்ப நல்லதாப் போச்சு ஆயா, முன்னாடியே தெரிஞ்சிருச்சு. வீட்டுல எங்கெங்க தண்ணி நிக்குது, எண்ணிப் பாப்பமா?"

பாட்டி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பாத்ரூம் வாளி. துணி ஊறவைக்கும் பேசின். பின்வாசல் டிரம். மாட்டுத் தொட்டி. மூடி உடைந்த சம்ப். எதிர்வீட்டுக்காரன் வானம் தோண்டிப் போட்டிருக்கிற குழி, மழை பெய்தால் அதுவும். ஏழாவதாக எதையோ நினைத்துக்கொண்டு தானே நிறுத்தினார். "ராத்திரிக்கு வாளியக் கவுத்துப் போட்டுட்டா அது ஒண்ணு கொறையும்ல?" என்றார். கண்டத்தையும் ஜாதகத்தையும் யாரும் தொடவில்லை.

வாளி என்றால் மாணவர்களுக்கே நம்பிக்கை வருவதில்லை. கிணறு, குளம், ஆறு என்றால் சரி, வாளியிலா? ஒரு வயதுக் குழந்தையின் தலை உடம்பின் அளவுக்குக் கனம் அதிகம். விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தால் தலைகீழாகப் போகும். தன்னை மேலே தள்ளிக்கொள்ளக் கையில் வலு கிடையாது. அரை வாளித் தண்ணீர் தாராளம். முக்கியமான சங்கதி, சத்தம் வராது. அழுதால்தானே ஓடிவருவோம்? தண்ணீரில் முகம் போன குழந்தை அழாது.

2019 அக்டோபர் 25-ஆம் தேதி மணப்பாறை பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பையன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததும், நாலு நாள் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வார்டில்கூட எல்லார் செல்போனிலும் அதுதான் ஓடியது. அந்த நாட்களிலேயே தூத்துக்குடியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஒரு வீட்டில் எல்லோரும் அந்த மீட்புப் பணியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தொட்டித் தண்ணீரில் மூழ்கிவிட்டது. இந்தச் செய்தியை வகுப்பில் சொல்லிவிட்டுக் கேட்பேன்: "அந்த அம்மா அப்பாவுக்கு நீங்கள் என்ன அறிவுரை சொல்லியிருப்பீர்கள்?" யாராவது ஒருவர், "கவனமா இருந்திருக்கணும் சார்" என்பார். கவனமா? அன்றைக்குத் தமிழ்நாட்டில் குழந்தையின் உயிரைப் பற்றி அவர்களைவிட அக்கறையோடு யோசித்துக்கொண்டிருந்தவர்கள் யார்? வேறொருவர் பிள்ளைக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

கவனம் என்பது மனிதக் கண். சிமிட்டும், டிவி பார்க்கும், அடுத்த குழந்தைக்குப் பால் கொடுக்கும், அசந்து தூங்கும். அதை நம்பி ஒரு பாதுகாப்பையும் கட்ட முடியாது. இதை முதலில் ஒழுங்காகச் சொன்னவர்களில் ஒருவர் வில்லியம் ஹேடன். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்காக 1966-இல் தொடங்கிய அரசுத் துறையின் முதல் தலைவர், அவரும் டாக்டர்தான். காயத்தை மூன்றாக வெட்டிப் பார் என்றார். நடப்பதற்கு முன், நடக்கும்போது, நடந்த பின். ஒவ்வொன்றிலும் ஆளை மட்டும் பார்க்காதே, பொருளையும் பார், இடத்தையும் பார். மும்மூன்றாக ஒன்பது கட்டம். நாம் ஓ.பி.யில் எப்போதும் ஒரே கட்டத்தில்தான் நிற்கிறோம். நடப்பதற்கு முன், ஆள், அதிலும் அம்மா. மற்ற எட்டுக் கட்டமும் காலி.

நியூயார்க்கில் மாடி ஜன்னலிலிருந்து குழந்தைகள் விழுந்து சாவது பெரும் பிரச்சினையாக இருந்தபோது, 1972-இல் நகர சுகாதாரத் துறை 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்று பெயர் வைத்து ஒரு வேலையைத் தொடங்கியது. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். பேசிவிட்டுச் சும்மா வரவில்லை, ஜன்னலுக்குக் கம்பித் தடுப்பையும் இலவசமாகக் கொடுத்தார்கள். 1976-இல் சின்னப் பிள்ளைகள் குடியிருக்கும் வீடுகளில் தடுப்பு போட வேண்டியது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்றே சட்டம் வந்துவிட்டது. விழுவது குறைந்தது. நமக்கு இன்னும் பக்கத்தில், இலங்கையில், டாக்டர் விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர். பழைய போத்தலில் திரி போட்ட குப்பி விளக்கு சாய்ந்து தீப்பிடித்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து அலுத்துப்போய், சாயாத விளக்கு ஒன்றைச் செய்தார். குட்டையான, கனமான கண்ணாடிக் குப்பி. பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால் சாய்ந்தாலும் உருளாது. திருகு மூடி இருப்பதால் எண்ணெய் கொட்டாது. அதற்கு 1998-இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. 'விளக்கைப் பார்த்துக் கவனமாக ஏற்றுங்கள்' என்று அவரும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கலாம்.

எங்களால் விளக்கு செய்ய முடியாது. ஓ.பி. அறையில் ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் அதிகம். அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் நான் சொல்லிக்கொடுக்கும் வித்தை.

என் மேஜையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. வருஷக்கணக்காகக் குழந்தைகளின் மூச்சுக்குழலிலும் உணவுக்குழலிலும் மூக்கிலும் காதிலும் இருந்து எடுத்த சாமான்கள். ஒரு ரூபாய்க் காசு, ஊக்கு, தோட்டுத் திருகாணி, கொலுசுத் திருகு, சீன பொம்மையிலிருந்து கழன்ற குட்டி எல்.ஈ.டி. பல்பு, பீப்பீ ஊதல், புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, பட்டன் பேட்டரி. வேர்க்கடலையைத்தான் வைக்க முடியவில்லை, எறும்பு தின்றுவிடுகிறது. புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த பொருள் வீட்டில் எந்த இடத்தில் இருந்திருக்கும், தரையிலிருந்து எவ்வளவு உயரம், யார் வைத்தது, ஏன் அங்கே வைத்தார்கள், இதைச் சொல்ல வேண்டும். சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. திணறிப் போவார்கள். நாலு நாள் முன்பு பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) படம் காட்டிப் பிரமாதமாக வகுப்பெடுத்த பையன், திருகாணி எப்போது கழலும் என்று தெரியாமல் விழித்தான். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தலைக்கு எண்ணெ தேய்ச்சு குளிப்பாட்டுற அன்னிக்கு சார்."

பட்டன் பேட்டரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களில் பெற்றோர் இருப்பீர்கள். எக்ஸ்ரேயில் காசு மாதிரியே தெரியும். உற்றுப் பார்த்தால் விளிம்பில் இரட்டை வளையம். உணவுக்குழலில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். உள்ளே இருக்கும் மருந்து ஒழுகியா? இல்லை, ஈரச் சதை வழியாக மின்சாரம் பாய்வதால். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், வரும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். தேன் தேடி அலைந்து நேரத்தைப் போக்கக் கூடாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இதில் இடமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டின்னுக்கு அடுத்தது வீடு. கிராம சுகாதார செவிலியரோடு பி.ஜி.க்களை மூன்று வீட்டுக்கு அனுப்புவேன். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டுக்குள் போனதும் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு முட்டி போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தையின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கிருந்து. கோட்டு போட்ட டாக்டர்கள் முட்டி போடுவதைப் பார்த்துத் தெருவே கூடிவிடும். திரும்பி வந்து சொல்வார்கள்: கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி, அரிவாள்மனை, மூலையில் பாச்சை உருண்டை, சாமி மாடத்தின் கீழ்த்தட்டில் கற்பூரம். கற்பூரமும் கல்கண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டும் வெள்ளை, இரண்டும் சாமிக்கு. சின்னப் பிள்ளைக்கு ஒன்றிரண்டு வில்லையே வலிப்பைக் கொண்டுவரப் போதும். எங்கள் ஊர்க் குழந்தைக்குக் காரணம் தெரியாமல் வலிப்பு என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒரு வீட்டில் சேலைத் தொட்டில். கைக்குழந்தை அதில் பத்திரமாகத்தான் தூங்குகிறது. ஆபத்து அதன் அக்காவுக்கு. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் காலித் தொட்டிலில் ஏறிச் சுற்றி விளையாடுவார்கள், துணி முறுக்கிக் கழுத்தில் இறுகும். இப்படி இறந்த பிள்ளைகளின் கதை மருத்துவ இதழ்களில் மட்டுமில்லை, எந்த மாவட்டத்துக் குழந்தை டாக்டரைக் கேட்டாலும் கிடைக்கும். தொட்டில் கட்டாதீர்கள் என்று சொல்ல முடியுமா? சொன்னால் யார் கேட்பார்கள்? தாய்மாமன் சீர் அது. குழந்தை எழுந்ததும் துணியைச் சுருட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் மேலே முடிந்துவிட வேண்டும். இவ்வளவுதான். பத்து வினாடி வேலை.

இனி பேசும் வித்தை. இதற்கு என்னைவிட நல்ல ஆசிரியர் எங்கள் வார்டில் துப்புரவுப் பணி செய்யும் அக்கா. நடிப்புப் பயிற்சிக்கு அம்மா வேஷம் போட ஆள் தேவைப்பட்டது. மாணவிகளைப் போடச் சொன்னால் எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிடுகிறார்கள். நிஜ அம்மாக்களும் அப்படித்தான் தலையாட்டுவார்கள், மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பது தெரியாது. அக்காவை உட்காரவைத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். வினையே வந்தது.

இரண்டாம் ஆண்டு பி.ஜி. ஒருவன், தீக்காயத் தடுப்பைப் பற்றி அழகாக ஆரம்பித்தான். "அம்மா, அடுப்பத் தரையில வெக்காதீங்க. மேடை மேல வெச்சு சமைங்க."

"மேடை நீ கட்டித் தர்றியா தம்பி? நாங்க இருக்கறது வாடகை ரூமு. ஒத்த ரூமு. ஓனரம்மா ஆணியே அடிக்க விடாது."

"சமைக்கும்போது குழந்தையை வேற யாராவது..."

"யாரு? அவரு ஆறு மணிக்கு வேலைக்குப் போயிருவாரு. மாமியா கூட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல."

"ஒரு ரூம்ல விட்டு கதவை..."

"அதான் ஒத்த ரூமுன்னு சொன்னேனே. காதுல வாங்குனியா இல்லியா?"

பையன் வியர்த்துப் போனான். வகுப்பே சிரித்தது. அப்புறம் நான் சொன்னேன், இனி ஒரு வாக்கியமும் அறிவுரையாக வரக் கூடாது, கேள்வியாகக் கேள். அவன் கொஞ்சம் யோசித்து, "அடுப்பு தரையிலா, மேடையிலா?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். தரையில். சமைத்த பாத்திரத்தை எங்கே இறக்கி வைப்பீர்கள்? அதுவும் தரைதான். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது நடுவில். குழந்தை அப்போது எங்கே? "இங்கதான், பின்னாடி நடந்துகிட்டே வந்து தொப்புன்னு உக்காரும்." இந்த இடத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் வார்டில் கட்டு மாற்றிய குழந்தைகளில் பாதிப்பேருக்கு முதுகிலும் பின்புறத்திலும் காயம். தீயால் வெந்தவை ஒன்றுமில்லை. எல்லாம் ரசம், சாம்பார், வடிகஞ்சி. ஏன் பின்புறம் என்று அவன் அதுவரை யோசித்ததே இல்லை.

"சரிக்கா, அந்தப் பாத்திரத்தை வேற எப்படி வைக்கலாம்? உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

அக்கா வேஷத்தைக் கலைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தார். "குண்டாவத் தூக்கி பெரிய அண்டாவுக்குள்ள வெச்சுப் பரிமாறலாம். புள்ள விழுந்தாலும் அண்டா விளிம்புதான் இடிக்கும்." அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: "எங்க அம்மா வீட்டுல உறி கட்டித் தொங்கும். பாலு, நெய்யி, எல்லாம் அதுலதான்."

நான் இருபது வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டும் எனக்கு அண்டா தோன்றவில்லை. உறியைப் பற்றி அன்றைக்கு வகுப்பில் கொஞ்ச நேரம் அரட்டை ஓடியது. உறி போட்டும் கண்ணன் உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறிவிட்டானே, அதனால் கீழே ஏற எதுவும் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றாள் ஒருத்தி. சரியான பேச்சு. யசோதை அவனை அதே உரலில் கட்டிப் போட்டாள், அவன் அதையும் இழுத்துக்கொண்டு போனான். கவனத்தை நம்பாத அம்மாதான், பாவம்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். சொல்லும் வாக்கியத்தில் ஒரு பொருள் இருக்க வேண்டும், ஒரு இடம் இருக்க வேண்டும், கையால் செய்யும் ஒரு வேலை இருக்க வேண்டும். 'ஜாக்கிரதையாக இருங்கள்' செல்லாது. 'குளிச்சு முடிச்சதும் வாளியக் கவுத்து வைங்க' செல்லும். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டாவதைச் சொன்னால் முதலாவது மறந்துபோகும். கடைசியில் புரிந்ததா என்று கேட்கக் கூடாது, புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர்கிட்ட இத எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்க வேண்டும். அதற்கு அவர் சொல்லும் பதிலில் எங்கள் லட்சணம் தெரிந்துவிடும்.

எப்போது சொல்வது என்பதற்குத் தடுப்பூசி அட்டையே போதும். ஒன்பது மாதத்தில் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்கு வருகிறார்கள். அதற்குள் குழந்தை தவழ்ந்து, எதையாவது பிடித்து நிற்க ஆரம்பித்திருக்கும், தண்ணீர், சூடு, வாயில் போடும் சாமான் மூன்றும் ஒன்றாக அதன் வாழ்க்கைக்குள் நுழையும் நேரம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்கிறோம். வாரத்தில் ஒரு நாள் அம்மாக்கள் எல்லோரும் மடியில் அழும் குழந்தையோடு அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டருக்கு நேரமில்லை என்று இவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன், நேரம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. இப்போது ஒரு ஹவுஸ் சர்ஜன் அந்த அரை மணிக்கு அங்கேதான் இருக்க வேண்டும். ஸ்டூலில், அவர்கள் உயரத்தில். பெரும்பாலும் அவர் ஒரு கேள்வி கேட்பார், மற்றதை அம்மாக்களே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். 'எங்க வீட்டுல இப்படித்தான்...' என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால் டாக்டர் வாயை மூடிக்கொள்ளலாம்.

ஒன்றரை வயது ஊசிக்கு வரும்போது மாத்திரை. வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பி.பி.? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்தபின் தாத்தா பாட்டிக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அலையாமல் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த மாத்திரை வீட்டில் எங்கே இருக்கிறது என்பது குழந்தை டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி. சர்க்கரை மாத்திரைகளில் சில வகை ஒன்றே ஒன்று போதும், பல மணி நேரம் கழித்துக்கூட ஒரு குழந்தையின் சர்க்கரையைத் தரைமட்டமாக்கிவிடும். அம்மாவுக்குப் பிரசவத்தின்போது நாங்களே கொடுத்த சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை இன்னொன்று. பார்க்க மிட்டாய் மாதிரி, சுவையும் கொஞ்சம் அப்படித்தான். கொடுத்தது நாங்கள், எங்கே வைப்பது என்று சொல்லாததும் நாங்கள்.

வண்டி விஷயத்தில் எனக்குப் பேச வாய் கொஞ்சம் கூசுகிறது. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வண்டியில் கொண்டுபோனால் ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பெல்ட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் ஒரு நாள் காலை நின்று பார்த்தால் போதும். டாக்டர்கள் உட்பட யாரும் செய்வதில்லை. நானும் என் மகளைப் பெட்ரோல் டேங்கில் உட்காரவைத்து ஊர் சுற்றியவன்தான். இதைப் பற்றிப் பேசும் அன்றைக்கு மட்டும் பிள்ளைகளிடம், முதலில் உங்கள் வண்டிச் சாவியைக் காட்டுங்கள் என்பேன். சாரி கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டைலாக வண்டி ஓட்டும் பையன்கள் தலையைக் குனிவார்கள். அந்தக் கம்பித் தடுப்பு இல்லாமல் சக்கரத்தில் குதிகால் மாட்டிய குழந்தையை அவர்களே தையல் போட்டு அனுப்பியிருப்பார்கள்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று துறைக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2008-இல் வெளியிட்ட அறிக்கை ஆண்டுக்கு சுமார் 8,30,000 குழந்தைகள் இப்படிப்பட்ட காயங்களில் இறப்பதாகச் சொல்கிறது. அந்தக் கடலில் எங்கள் ஸ்டூலும் பெஞ்சும் என்ன செய்யும் என்று எண்ணிக் காட்ட என்னிடம் கணக்கு இல்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு மாற்றம். இப்போதெல்லாம் உப்புத் தண்ணீர் கொடுத்ததை, வெந்த இடத்தில் பேஸ்ட் தடவியதை, மை ஊற்றியதை வந்த உடனேயே சொல்கிறார்கள். இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு வந்தோம் என்று சொல்பவர்களும் நடுவில் ஒருவர் இருவர் வருகிறார்கள். திட்டாத இடத்தில் மனிதர்கள் உண்மை பேசுகிறார்கள் போல.

தின்னர் கேஸில் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் இப்போது மூன்றாம் ஆண்டு. போன வாரம் ஓ.பி. முடிந்து வராந்தாவில் நின்று வீட்டுக்கு போன் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை, அவள் குரல் அப்படி.

"அம்மா, அண்ணன் புள்ளைங்க லீவுக்கு வருதுல்ல... அப்பாவோட சுகர் மாத்திரைய எங்க வெச்சிருக்க? ... டிவி ஸ்டாண்டுலயா? ... இல்லம்மா, உன்னக் கொற சொல்லல. எவ்ளோ ஒயரம்னுதான் கேக்கறேன். ... இடுப்பு ஒயரமா? யாரு இடுப்பு, ஒன் இடுப்பா, சின்னவன் இடுப்பா?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சாப்பாட்டு மேஜையைப் பார்த்தேன். என் பி.பி. மாத்திரை டப்பா உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், மூடி சரியாக மூடாமல் இருந்தது. மேஜைக்கு அடியில் ஒரு முக்காலி. பேத்தி வெள்ளிக்கிழமை வருகிறாள்.